நீதிமன்றம் இங்கே, சட்ட உதவி கடலூரிலா?

இலவச சட்டப்பணிகளை நடத்தும் பொறுப்பில் இருக்கும் மதிப்புக்குரிய நீதிபதிகளுக்கும் அலுவலர்களுக்கும்,

எங்கள் வட்டத்தில் நடந்துவந்த சட்ட உதவி மையம் பூட்டிக் கிடக்கிறது. கேட்டால், "இனிமே எல்லாம் கடலூர்லதான், மனுவ அங்க குடுங்க, இல்லன்னா சட்ட உதவி போன் நம்பர் 15100க்குப் போன் போடுங்க" என்று வாய்வார்த்தையாகச் சொல்கிறார்கள். எழுத்தில் ஓர் உத்தரவும் இல்லை. கதவில் ஒரு அறிவிப்புத் தாள்கூட ஒட்டவில்லை. எந்த மேசையில் இது முடிவானது என்று எனக்குத் தெரியாது. அதனால் எந்த அலுவலகத்தின் பெயரையும், எங்கள் ஊரின் பெயரையும் இதில் எழுதவில்லை. கீழே வேலை பார்ப்பவர்கள் தலையில் பழி விழுவதும் எனக்கு வேண்டாம். முடிவெடுத்தவர்கள் படித்தால் இது யாருக்கு எழுதியது என்று அவர்களுக்கே புரியும்.

நான் கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக்காரி. மக்காச்சோளமும் பருத்தியும் போடும் மானாவாரி பூமி. சட்டத் தன்னார்வலராகப் பயிற்சி எடுத்து அந்த மையத்தில் உட்கார்ந்து மனு எழுதியவள். எனக்கு வரவேண்டிய மதிப்பூதியத்தைப் பற்றி இதில் பேசப்போவதில்லை, அது தனி மனு.

முதலில் மாவட்டத்தின் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். 10 வட்டங்கள். தலைநகரோ வடகிழக்கு மூலையில், கடலை ஒட்டி. 1993-இல் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது விழுப்புரம் பக்கத்துச் சனங்களுக்குத் தலைநகரம் கிட்டே வந்தது. எங்களுக்கு அன்றைக்கும் கடலூர்தான், இன்றைக்கும் கடலூர்தான். விருத்தாசலத்திலிருந்தே சுமார் அறுபது கிலோமீட்டர். வேப்பூரும் திட்டக்குடியும் அதையும் தாண்டி மேற்கே. நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி என்று ஒவ்வொரு ஊராக நின்று போகிற பஸ்ஸில் போய்க் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இறங்கும்போது உச்சி வெயில் வந்துவிடும். தெற்கே காட்டுமன்னார்கோவில்காரர்கள் சிதம்பரம் வந்து அங்கிருந்து கடலூர் போக வேண்டும். அவர்கள் பாடும் இதே பாடுதான்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. கோர்ட் இருக்கும் எங்கள் வட்டத் தலைமையூருக்குக் கையில் ஒரு ரூபாய் இல்லாமல் பெண்கள் வந்துபோனது அதனால்தான். கடலூருக்குப் போவது ரூட் பஸ். அதில் எல்லாருக்கும் டிக்கெட் உண்டு. துணைக்கு வருபவருக்கும் சேர்த்துப் போகவர டிக்கெட், மதியச் சாப்பாடு, இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போச்சு. இலவச சட்ட உதவி என்று சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கவே இவ்வளவு செலவாகும்.

காசைக்கூட எங்கேயாவது புரட்டிவிடலாம். நேரத்துக்கு என்ன கணக்குச் சொல்வது? ரேஷன் கார்டில் ஆதார் சேர்க்கப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுக் காலை டவுன் பஸ் ஏறுகிற பெண், மதியத்துக்குள் வீட்டுக்கு வந்து உலை வைத்துவிடுவாள். கடலூர் போனால் திரும்பும்போது விளக்கு வைத்திருப்பார்கள். "எங்கடி போய்ட்டு வர?" என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை. அடிக்கிறவனுக்குத் தெரியாமல் போய்வரக்கூடிய தூரத்தில் உதவி இருப்பது, அடிவாங்குகிறவளுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம்.

மையத்துக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டேன். பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பிள்ளைகள். "ஒண்ணுமில்லக்கா, கார்டுல எம் பேர எடுத்துட்டாங்களான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றாள். ஆதார் ஜெராக்ஸ், பேங்க் பாஸ்புக், மூத்த பிள்ளையின் பள்ளிக்கூட அடையாள அட்டை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில். பார்த்துச் சொன்னேன், பெயர் இருந்தது. அவள் எழுந்து போகவில்லை. வேறொருவருக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன், அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னது அழுதது, பக்கத்துக் கடையில் பன் வாங்கிக் கொடுத்தோம். அப்புறம் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். இருபது ரூபாய் பத்திரம். ஒரு எழுத்து இல்லை, அடியில் இவள் கையெழுத்து மட்டும். கொழுந்தனார் வாங்கியிருக்கிறார். குழு லோனுக்கு என்று சொன்னார்களாம். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது: நகை அடகில் இருப்பது, கையில் இருந்த சூடு, வீட்டை விட்டு வந்து அம்மா வீட்டில் இருப்பது.

பதினோரு மணிக்கு, சட்ட உதவிக்கென்று நியமித்த பேனல் வக்கீல் வந்தார். அந்தப் பத்திரத்துக்கு ஒரு புகாரும், ஜீவனாம்சத்துக்கு ஒரு மனுவும் தயாரானது. வழக்கு எங்கள் ஊர் கோர்ட்டிலேயே நடந்தது. இப்போது மாதாமாதம் பணம் வருகிறது, எப்போதும் பத்துப் பதினைந்து நாள் தாமதமாக.

இவள் 15100-க்குப் போன் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்கள் பிரச்சினை என்ன என்று கேட்டிருப்பார்கள், ரேஷன் கார்டு என்று சொல்லியிருப்பாள். வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போங்கள் என்று சொல்லிப் போனை வைத்திருப்பார்கள். போன் எடுத்தவர் மேல் குற்றமில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளைப் போன் எப்படிப் பார்க்கும்?

ஆன்லைனில் போடலாமே என்கிறார்கள். எங்கள் ஊரில் ஆன்லைன் என்றால் பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் சென்டர். புருஷன் மேல் கொடுக்கும் மனுவை அங்கே டைப் அடிக்கும் தம்பி, புருஷனுக்குப் பங்காளி முறையாக இருப்பார். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. இருந்தாலும் எனக்குப் பயிற்சியில் நீங்கள் சொல்லிக்கொடுத்ததையே திருப்பிச் சொல்கிறேன். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12-ஆவது பிரிவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், வெள்ளத்திலும் வறட்சியிலும் சாதி வன்கொடுமையிலும் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் வருகிறார்கள். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வட்ட அளவில் ஒரு குழு வேண்டும் என்று 1994-இல் திருத்தம் கொண்டுவந்து 11-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். தகராறுகளைச் சமரசமாகப் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்தை அந்த வட்டத்திலேயே நடத்துவது அந்தக் குழுவின் வேலைகளில் ஒன்று. 2011-இல் வந்த சட்ட உதவி மையங்களுக்கான ஒழுங்குமுறை இன்னும் கீழே இறங்கி, கிராமத்துக்கு ஒன்று அல்லது சில கிராமங்களுக்குச் சேர்த்து ஒன்று என்கிறது. அதிலும் தூரத்தாலும் சமூகத் தடைகளாலும் வரமுடியாதவர்கள் இருக்கும் இடத்துக்கு முதலிடம் தரச் சொல்கிறது. சட்டம் போன திசை மேலிருந்து கீழே. இப்போது நீங்கள் போவது கீழிருந்து மேலே.

ஜீவனாம்ச வழக்கை மனைவி தான் இருக்கும் ஊரிலேயே போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு இப்போது புதிய சட்டத்தில் 144 ஆகிவிட்டது, அந்த வசதி மாறவில்லை. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் அப்படித்தான், அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நடுவரிடமே போகலாம். அவள் அலையக் கூடாது என்று நாடாளுமன்றம் நினைத்து எழுதியது இது. கோர்ட்டை அவள் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டு, வக்கீலை மட்டும் கடற்கரையில் வைத்தால் எப்படி?

கைதாகிறவர்கள் விஷயமும் இதேதான். 24 மணி நேரத்துக்குள் பக்கத்து நடுவர் முன்னால் நிறுத்த வேண்டும். முதன்முதலில் நிறுத்தும்போதே வக்கீல் உதவி தர வேண்டும், அப்படி ஓர் உரிமை இருக்கிறது என்று நடுவரே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980-இல், பாகல்பூர் சிறைக்கைதிகள் வழக்கில் சொன்னது. அந்தப் பக்கத்து நடுவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். 2022-இல் வந்த முழுநேர சட்ட உதவி வழக்கறிஞர் திட்டம் நல்ல திட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு வேறு வழக்கு எடுக்காமல் ஏழைக்காக மட்டும் வாதாடுவது பெரிய விஷயம். ஆனால் அது குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக ஏற்படுத்தியது. ஜீவனாம்சத்துக்கும் பாகப்பிரிவினைக்கும் அவர்கள் வரமாட்டார்கள். அந்தத் திட்டம் வந்துவிட்டதே, இனி வட்டத்தில் எதற்கு மையம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது தப்பு.

சிவில் விஷயத்தில் நான் பக்கத்திலிருந்து பார்த்தது ஒரு கிணற்றுத் தகராறு. அண்ணன் தம்பி. அப்பா பெயரில் ஒரே கிணறு, ஒரே கரண்ட் இணைப்பு. கிணறு இருப்பது அண்ணன் பங்கில். அப்பா இறந்து சில வருடம் தண்ணீர் முறை சரியாகத்தான் போனது. மோட்டாரின் காயில் கம்பி எரிந்தது, செலவு யார் கொடுப்பது என்று வாய்ச்சண்டை. அண்ணன் மோட்டார் ரூமுக்குப் பூட்டுப் போட்டார். தம்பியின் மக்காச்சோளம் பூ எடுக்கும் சமயத்தில் காய்ந்தது. வட்டக் குழுவிலிருந்து இரண்டு பேருக்கும் கடிதம் போனது. அண்ணன் காலையில் மாட்டைக் கட்டிவிட்டு, தண்ணீர் காட்டிவிட்டு, பத்து மணிக்கு வந்து நின்றார். கோபத்தோடுதான் வந்தார், ஆனால் வந்தார். எந்த எந்த நாள் யாருக்குத் தண்ணீர், ரிப்பேர் செலவில் யாருக்கு எவ்வளவு, குழாய் எந்த வரப்பு ஓரமாகப் போக வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தானது. மக்கள் நீதிமன்ற உத்தரவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதற்கு மேல் அப்பீலும் கிடையாது. பூட்டு அன்றைக்குச் சாயங்காலமே திறந்தது.

வழக்குப் போடுவதற்கு முன்னால் பேசித் தீர்க்கும் இந்தக் கட்டத்தில், வரமாட்டேன் என்று சொல்பவரை யாரும் இழுத்துவர முடியாது. கடலூருக்கு வரச்சொல்லிக் கடிதம் போயிருந்தால் அந்த அண்ணன் அதை ஓட்டு இடுக்கில் செருகிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார். தம்பி முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டிருப்பார். வாய்தா வாய்தாவாக அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியும் இல்லையென்றால் கட்டப்பஞ்சாயத்து. இதைத்தான் நீங்கள் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். மையத்தைப் பூட்டினால் மனுக்கள் எல்லாம் பஸ் ஏறிக் கடலூருக்கு வந்துவிடாது. டீக்கடைக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பவரிடம் போகும். அவருக்குத் தூரம் கிடையாது, விடுமுறை கிடையாது, ராத்திரி ஒன்பது மணிக்கும் பேசுவார். பொண்டாட்டியைச் சேர்த்து வைக்க ஒரு ரேட், பிரித்து வைக்க ஒரு ரேட். நிலத் தகராறு என்றால் தீர்ந்த பிறகு நிலத்திலேயே ஒரு பங்கு. மையம் பூட்டிய பிறகு அவர் பக்கம் கூட்டம் கூடியிருப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

உங்கள் பக்கத்து நியாயமும் என் காதுக்கு வந்தது. மனு குறைவாக வருகிறதாம், ஆள் போட்டுக் கட்டுப்படியாகவில்லையாம், ஒரே இடத்தில் வைத்தால் மேற்பார்வை பார்க்க வசதியாம், நல்ல வக்கீல்கள் கிடைப்பார்களாம்.

மனு குறைவு என்பது பதிவேட்டைப் பார்த்துச் சொன்னது. பதிவேட்டில் ஏறுவது படிவம் நிரப்பிய மனு மட்டும். வாரிசுச் சான்றுக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்டுப் போனவர், போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர் ரசீதைக் கேட்டு வாங்கத் தெரியாமல் வந்து கேட்டுக்கொண்டு போனவர், பேசியே சமாதானமாகிப் போனவர் யாரும் அதில் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், அடுத்த வாரம் மறுபடி வருகிறவளும் இல்லை. மையம் நன்றாக வேலை செய்தால் பதிவேடு மெலியத்தான் செய்யும். அதைக் காட்டி மையத்தை மூடினால், அடுத்த வருடம் கடலூர்ப் பதிவேட்டில் எங்கள் வட்டத்து மனு இன்னும் குறையும். அப்போது மேற்கே பிரச்சினையே இல்லை என்று எழுதிக்கொள்வீர்களா?

நல்ல வக்கீல், மேற்பார்வை இரண்டும் வேண்டியதுதான். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் பெரிய வியாதி என்றால் புதுச்சேரி ஜிப்மர். அதற்காக ஊர் ஊராக இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தை யாரும் மூடவில்லை. ஜிப்மருக்குப் போக வேண்டிய ஆள் யார் என்று கண்டுபிடித்துச் சீட்டு எழுதி அனுப்புகிறவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

எங்கள் மையம் குறையில்லாமல் நடந்தது என்று நான் சொல்லவில்லை. பேனல் வக்கீல் வராத நாள்கள் இருந்தன. கோர்ட் புறக்கணிப்பு என்றால் எங்களுக்கும் அன்றைக்கு லீவு. தடுப்பு இல்லாத ஒரே அறை, ஒருவர் பேசுவது அடுத்தவர் காதில் விழும். பல தடவை வந்த பெண்களை வெளியே மரத்தடிக்குக் கூட்டிப் போய்த்தான் பேசினேன். இதையெல்லாம் சரிசெய்யச் சொல்லிக் கேட்டோம். ஒரு பிளைவுட் தடுப்புக்குக் கேட்டதற்குக் கிடைத்தது பூட்டு.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம் எல்லாம் பார்த்த மாவட்டம் இது. பேரிடர் வந்தால் கடலூர் டவுனே தண்ணீரில் நிற்கும், அதிகாரிகள் எல்லாரும் நிவாரணத்தில் இருப்பார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்தபோது பட்டா ஒருவர் பெயரிலும் சாகுபடி இன்னொருவர் கையிலுமாக இருந்த தோப்புகள் எத்தனை! அந்த மாதிரிச் சமயத்தில் காகிதம் பார்த்து மனு எழுதிக் கொடுக்க, அந்தந்த வட்டத்தில் ஆள் வேண்டும். 2008-இல் கிராம நியாயாலயம் என்ற கிராம அளவு நீதிமன்றங்களுக்குச் சட்டம் வந்தும் தமிழ்நாடு அந்த வழியில் போகவில்லை. வட்டத்தில் இருக்கும் கோர்ட்டும் வட்டத்தில் இருக்கும் இந்தக் குழுவும்தான் எங்களுக்குக் கிட்டே இருக்கும் ஒரே கதவு.

கேட்பது இவைதான்.

மையத்தை மூடியது முடிவு என்றால் அதை எழுத்தில் கொடுங்கள். யார் உத்தரவு, என்ன தேதி, என்ன காரணம் என்று தெரிய வேண்டும். அப்படி ஓர் உத்தரவே இல்லையென்றால் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி, வக்கீல் யார், தன்னார்வலர் யார், அவர்கள் போன் நம்பர் என்ன என்று தமிழில் போர்டு எழுதி, மையத்தில் மட்டுமில்லாமல் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகம், ரேஷன் கடை, அரசு மருத்துவமனை, மகளிர் காவல் நிலையம் எல்லா இடத்திலும் வையுங்கள். வக்கீல் வரமுடியாத நாளில் மாற்று ஆள் யார் என்பதும் அந்தப் போர்டில் இருக்கட்டும்.

மையம் திறக்கும்வரை, வட்டத்தில் இருக்கும் எந்த நீதிமன்ற அலுவலகத்தில் மனு கொடுத்தாலும் வாங்கித் தேதி போட்டு ரசீது கொடுக்கச் சொல்லுங்கள். அதைக் கடலூருக்கு அனுப்புவது அலுவலகத்தின் வேலையாக இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், ஏழு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று இலவச சட்ட உதவிக்கான 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் இருக்கிறது. அது எங்களுக்கும் நடக்கட்டும்.

இரண்டு தரப்பும் ஒரே வட்டத்தில் குடியிருந்தால், வழக்குக்கு முந்தைய சமரசப் பேச்சை அந்த வட்டத்தில்தான் நடத்த வேண்டும். எங்கள் நடுவர் முன்னால் ரிமாண்டுக்கு நிறுத்தப்படும் ஒவ்வொருவருக்கும் அந்த நேரத்தில் இங்கே இருக்கக்கூடிய ஒரு வக்கீலை, விடுமுறை நாள் உட்பட, முறை வைத்து நியமியுங்கள்.

ஆலோசனை கேட்டு வருபவர்களையும் பதிவேட்டில் ஏற்ற ஒரு பத்தி சேருங்கள். பெயர் வேண்டாம், ஊரும் விஷயமும் போதும். அந்தக் கணக்கை வட்டவாரியாக வெளியிட்டு, ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்காமல் மாவட்டத்தில் வேறு எந்த மையத்தையும் மூடாதீர்கள். அந்தப் பிளைவுட் தடுப்பையும் போட்டுக் கொடுங்கள்.

அடுத்த தேசிய மக்கள் நீதிமன்றம் நடக்கும் தேதிக்கு முன்னால் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால், பதிவேட்டில் ஏறாமல் போனவர்களில் சம்மதிப்பவர்களின் கையெழுத்தோடு இதே மனுவை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்புவோம். எழுதும் வேலை தொடங்கிவிட்டது.

இப்படிக்கு,
சட்டத் தன்னார்வலர் ஒருவர்,
கடலூர் மாவட்டம்